செந்நிறம் காட்டும் தென்னந்தோப்பு

தென்னையைத் தாக்கும் நோய்களுள் வேர்வாடல் நோய் வஞ்சகமானது. அது மரத்தை உடனே வீழ்த்துவதில்லை. கீற்றுகள் தம் விறைப்பை இழந்து உள்நோக்கி வளைகின்றன. மட்டையின் இருபுறமும் விலா எலும்புகள் அடுக்கியதைப்போன்ற தோற்றம் உண்டாகிறது. பின்னர் ஓலைகள் மஞ்சளாகின்றன, விளிம்புகள் கருகுகின்றன, காய்ப்புக் குறைகிறது. ஆயினும் மரம் பல்லாண்டுகள் நின்றுகொண்டேயிருக்கும். நீரையும் உரத்தையும் ஏற்றுக்கொள்ளும்; பயனை மட்டும் தராது. அருகிலுள்ள மரங்களுக்கு நோய் பரவும் வாயிலாகவும் அமையும்.

1882ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னர், மத்திய திருவிதாங்கூரின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுங்காலம் அதற்கு ஒரு வேலியாக இருந்தது. பிற்காலத்தில் தேனி, கோயம்புத்தூர், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் எல்லைப்புறத் தோப்புகளிலும் நோய் தலைகாட்டியது. மேகமலையின் அடிவாரத்தில், சண்முகநதி அணையை அடுத்துள்ள ராயப்பன்பட்டியைப் போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், திராட்சைப் பந்தலுக்கும் வாழைக்கும் இடையே தென்னை வைத்திருப்பவர்க்கு இது வெறும் பாடநூற்செய்தி அன்று. எந்த மரத்தை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்பது அவர்களுடைய வாழ்வோடு பிணைந்த வினா.

அவ்வினாவிற்கு வானத்திலிருந்து விடை தேட முடியுமா? முடியும் என்று காட்ட முனைந்ததுதான் இந்தியத் தொலையுணர்வின் முதல் முயற்சி. அம்முயற்சிக்குக் கருவியாக அமைந்தது செயற்கைக்கோள் அன்று, இருட்டறையில் கழுவப்பட்ட ஒரு வண்ணப் படச்சுருள்.

காயங்குளத்தின் மேல் ஓர் உலங்கு வானூர்தி

சென்னை இலயோலா கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியைத் தொடங்கியவர் பி. ஆர். பிஷரோட்டி. வானிலை அறிஞராக வளர்ந்து, புனேயில் அமைந்த வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். பின்னர் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தில் பணியாற்றினார். 1970ஆம் ஆண்டு வாக்கில் அவரும், வேளாண் இயற்பியலாளர் சி. தட்சிணாமூர்த்தி உள்ளிட்ட அறிஞர்களும் இணைந்து, கேரளத்தின் தென்னந்தோப்புகளை உலங்கு வானூர்தியிலிருந்து ஒளிப்படம் எடுத்தனர். ஹாசல்பிளாட் ஒளிப்படக் கருவியில் அகச்சிவப்பு ஒளியையும் உணரும் வண்ணப் படச்சுருளைப் பொருத்தியிருந்தனர். அம்முயற்சியின் பயனை 1971இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடைபெற்ற தொலையுணர்வுக் கருத்தரங்கில் கட்டுரையாக அளித்தனர். பிஷரோட்டியை இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று போற்றுவதற்கு இதுவே தொடக்கம்.

அவர்கள் பயன்படுத்திய படச்சுருள் வகைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரில், பச்சை வண்ணம் பூசியும் வெட்டிய தழைகளை மூடியும் மறைக்கப்பட்ட பீரங்கிகளைக் காட்டிக்கொடுப்பதற்காக அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் அதனை உருவாக்கியது. பச்சைச் சாயமும் பச்சை இலையும் கண்ணுக்கு ஒன்றே. அகச்சிவப்பில் அவை வேறு வேறு. போர் முடிந்தபின் இராபர்ட் கால்வெல் என்னும் அமெரிக்க அறிஞர், இதே உத்தியால் கோதுமை முதலிய தானியப் பயிர்களின் நோயைக் கண்டறியலாம் என்று 1956இல் எழுதினார். பீரங்கியைத் தேடப் பிறந்த படச்சுருள் இவ்வாறு பயிரிடம் வந்து சேர்ந்தது.

இலை ஏன் சிவக்கிறது?

நலமான இலை, தன்மேல் விழும் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையைச் சிறிதளவு திருப்பியனுப்புகிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பையோ பெருமளவில் திருப்பியனுப்பிவிடுகிறது. இலையின் உள்ளே காற்றிடைவெளிகளோடு அமைந்த உயிரணுக்களின் அடுக்கே இதற்குக் காரணம். இலை வாடி அவ்வடுக்குக் குலையும்போது அகச்சிவப்பு எதிரொளிப்பும் குறைகிறது.

இயல்பான வண்ணப் படச்சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றை உணரும் மூன்று அடுக்குகள் உண்டு. அகச்சிவப்பு வண்ணச்சுருளிலும் மூன்று அடுக்குகளே. ஆனால் அவை உணர்வன பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு. மூன்றும் நீல ஒளிக்கும் இரங்குமாதலால், வில்லையின் முன் மஞ்சள் வடிகட்டி ஒன்றைப் பொருத்தி நீலத்தை முற்றிலும் தடுத்துவிடுவர். வளிமண்டலத்தின் புகைமூட்டம் பெரும்பாலும் நீல ஒளியின் சிதறலே என்பதால், அவ்வடிகட்டி படத்தைத் தெளிவாக்கவும் உதவியது.

கழுவி முடித்தபின் பச்சையை உணர்ந்த அடுக்கில் மஞ்சள் சாயமும், சிவப்பை உணர்ந்த அடுக்கில் மெஜந்தாச் சாயமும், அகச்சிவப்பை உணர்ந்த அடுக்கில் சியான் சாயமும் தோன்றும். இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்த வேண்டும்: இது நேர்ச்சுருள், ஒளி பட்ட இடத்தில் சாயம் குறையும், படாத இடத்தில் மிகும். நலமான தென்னையிலிருந்து அகச்சிவப்பு மிகுதியாக வருவதால் சியான் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. மஞ்சளும் மெஜந்தாவும் எஞ்சுகின்றன. அவ்விரண்டும் சேர்ந்தால் சிவப்பு. ஆகவே செழித்த மரம் செக்கச்செவேலென்று தெரியும். நோயுற்ற மரத்தில் சியான் தலைதூக்குவதால் செம்மை மங்கிக் கருமை படரும். ஓலை மஞ்சளாகும்போது மெஜந்தா குறைந்து நிறம் மேலும் வெளிறும். தெளிந்த நீர் கருநீலமாகவும், செம்மண் தரை பச்சை கலந்த மஞ்சளாகவும் தோன்றும்.

இதனைப் பொய்வண்ணப் படம் என்று அழைப்பது வழக்கம். அப்பெயர் அத்துணைப் பொருத்தமானதாகத் தோன்றவில்லை. கண்ணுக்கு எட்டாத உண்மையைக் கண்ணுக்கு எட்டும் நிறமாக மாற்றித் தருவது எங்ஙனம் பொய்யாகும்? மாற்றுவண்ணம் என்பதே தகும்.

கட்டமும் அளவும்

நில அளவைக்கான வான்வழி ஒளிப்படக் கருவி நாம் திருமண வீடுகளில் கண்ட கருவியன்று. அதன் படச்சுருள் ஏறத்தாழ 24 செ.மீ. அகலமுடையது, ஒரு படத்தின் அளவு 23 செ.மீ. × 23 செ.மீ. 122 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருளில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் அடங்கும். அடுத்தடுத்த படங்கள் 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறும், பக்கத்துப் பறப்புவரிசைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு படியுமாறும் எடுப்பர். அவ்வாறு எடுத்த இரு படங்களைத் திண்காட்சிக் கருவியில் வைத்து நோக்கினால் மரங்களும் குன்றுகளும் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும்.

வில்லையின் குவியத்தூரத்தைப் பறப்பு உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவுவிகிதம் கிடைக்கும். குவியத்தூரம் 152 மி.மீ.; தரைக்கு மேல் உயரம் 1520 மீட்டர் எனில் விகிதம் 1:10,000. படத்தின் ஒரு பக்கம் தரையில் 2.3 கி.மீ.; ஒரே படத்தில் ஏறத்தாழ 529 எக்டேர் அடங்கிவிடும். 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு ஏறத்தாழ 177 தென்னைகள். எட்டு மீட்டர் விரிந்த ஒரு கொண்டை, சுருளின்மேல் 0.8 மி.மீ. அளவுள்ள சிறு விண்மீனாகப் பதியும். உருப்பெருக்கியின்கீழ் அந்த விண்மீனின் நிறத்தைத்தான் ஆய்வாளர் படித்தார்.

கம்பம் பள்ளத்தாக்கைப் போன்ற நிலத்தில் இக்கணக்கு எளிதாக முடிவதில்லை. பள்ளத்தாக்கின் தரைக்கு மேல் 3040 மீட்டர் உயரத்தில் வானூர்தி பறப்பதாகக் கொள்வோம். வயல்வெளியின் விகிதம் 1:20,000. தரையைவிட 1000 மீட்டர் உயர்ந்த மலைச்சரிவு அதே படத்தில் இடம்பெற்றால், அங்கே விகிதம் ஏறத்தாழ 1:13,400 ஆகிவிடும். ஒரே படத்தில் இரண்டு அளவுகோல்! இருபுறமும் மலை சூழ்ந்திருப்பதால் காலையிலும் மாலையிலும் நிழல் நெடுந்தொலைவு விழும். கதிரவன் நன்கு மேலேறியபின், முகில் கூடுவதற்கு முன் கிடைக்கும் சில மணி நேரமே ஒளிப்படத்திற்கு உரியது.

நோய் மரத்திலா, படத்திலா?

வான்வழி வண்ணப்படத்தின் உயிர்நாடியான சிக்கல் இதுதான். மரத்தின் நலத்தை நிறத்தைக் கொண்டு அறிகிறோம். அந்த நிறம் மரத்தால் மட்டும் உண்டாவதில்லை. சேமிப்பு, வில்லை, வேதிக்கரைசல், அச்சு என ஒவ்வொரு படியும் அதில் கைவைக்கிறது. எங்கேனும் ஒரு பிழை நேர்ந்தால், நலமான தோப்பு நோயுற்றதாகத் தெரியும். வெட்ட வேண்டாத மரங்கள் வெட்டப்படும்.

முதல் இடர் வெப்பம். அகச்சிவப்பை உணரும் அடுக்கு மிகவும் மென்மையானது. அறைவெப்பத்தில் நாள்கள் கழியக் கழிய அதன் உணர்திறன் குன்றும். உணர்திறன் குன்றினால் சியான் மிகும். சியான் மிகுந்தால் செம்மை குறையும். அதாவது, வெயிலில் கிடந்த படச்சுருளே நோயைக் 'கண்டுபிடித்துவிடும்'. ஆதலின் அச்சுருளைச் சுழியத்திற்குக் கீழே பதினெட்டு டிகிரி அளவிலான உறைகுளிரில் வைத்திருப்பர். வெளியே எடுத்தவுடன் பெட்டியைத் திறக்கலாகாது. திறந்தால் குளிர்ந்த சுருளின்மேல் காற்றின் ஈரம் பனித்துளியாய்ப் படியும். மூடியபடியே பல மணி நேரம் வைத்து, அறைவெப்பத்திற்கு வந்தபின் கருவியில் ஏற்றுவர்.

இரண்டாவது வில்லை. அகன்ற காட்சியை வாங்கும் வில்லையில் நடுப்பகுதியைவிட மூலைகளில் ஒளி குறைவாகவே விழும். அதனால் மூலையிலுள்ள மரங்கள் கருமையாய், நோயுற்றவைபோல் தோன்றும். நடுவில் அடர்ந்தும் விளிம்பில் தெளிந்தும் அமைந்த வடிகட்டியைப் பொருத்தி இதனைப் பெருமளவு சரிசெய்தனர்.

மூன்றாவதும் பெரியதுமான இடர் கழுவுதல்.

படம் கழுவுதல்

பிலிம் கழுவுதல், பிரிண்டு போடுதல் என்னும் சொற்கள் தமிழகத்தின் ஒளிப்படக் கூடங்களில் எல்லார் வாயிலும் வழங்கியவை. கழுவுதல் என்றால் அழுக்கைப் போக்குவது. இங்கோ மறைந்திருக்கும் உருவை வெளிக்கொணர்வது. மக்கள் இச்சொல்லைத் தயங்காமல் எடுத்தாண்டதை எண்ணும்போது, உருத்துலக்கல் என்று நாம் ஆக்கிய கலைச்சொல்லைவிட அது உயிர்ப்புடையதாகவே படுகிறது.

கறுப்பு வெள்ளைச் சுருளை மங்கிய வண்ண விளக்கொளியில் கையாள முடிந்த வேளைகள் உண்டு. வண்ணச்சுருளுக்கு அந்தச் சலுகை இல்லை. தொடக்கப் படிகள் அனைத்தும் காரிருளில் நடந்தன. பணியாளர் கைவிரல்களின் உணர்வையும் மணி ஒலியையும் மட்டுமே நம்பி வேலை செய்தார். நூறு மீட்டருக்கும் மேற்பட்ட சுருளை ஒரே நேரத்தில் தொட்டிக்குள் விரித்துப்போட இயலாது. எனவே கரைசலில் மூழ்கிய இரு உருளைகளுக்கு இடையே, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சுற்றுவதும் மீண்டும் எதிர்த்திசையில் சுற்றுவதுமாக இடைவிடாது இயக்கினர். பிற்காலத்தில் பல உருளைகளின் வழியே சுருள் தானே தொட்டி தொட்டியாய் நகர்ந்துசெல்லும் பெரிய பொறிகள் வந்தன.

நேர்ச்சுருளைக் கழுவுவது இருமுறை உருத்துலக்குவதாகும். முதல் உருத்துலக்கி, ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கரிய வெள்ளியாக மாற்றும். இப்போது கிடைப்பது கறுப்பு வெள்ளை எதிர்ப்படம். வண்ணம் இன்னும் பிறக்கவில்லை. ஒளி படாமல் எஞ்சிய உப்பை அடுத்து வேண்டுமென்றே ஒளியூட்டியோ வேதிப்பொருளாலோ தூண்டுவர். பின்னர் வண்ண உருத்துலக்கி அவ்வெச்ச உப்பை வெள்ளியாக்கும். அவ்வினையில் விளையும் பொருள், அடுக்கில் முன்பே இடப்பட்டுள்ள சாய முன்னோடிகளோடு கூடிச் சாயமாகும். மூன்று அடுக்கிலும் மூன்று சாயங்கள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. இனி வெள்ளிக்கு வேலையில்லை. வெளுப்பான் அதனை மீண்டும் உப்பாக்க, ஹைப்போ என்று நாம் அறிந்த நிலைநிறுத்தி அவ்வுப்பைக் கரைத்துச் செல்லும். படத்தில் எஞ்சுவது சாயம் மட்டுமே. கரைந்து சென்ற வெள்ளியை மின்னாற்பகுப்பால் மீட்டெடுப்பது பெரிய கூடங்களில் வழக்கமாக இருந்தது.

இவற்றுள் முதல் உருத்துலக்கியே தலைவிதியை எழுதுவது. அதன் வெப்பநிலை அரை டிகிரி பிசகினாலும் படத்தின் அடர்த்தி மாறும். சூடு மிகுந்தால் வெள்ளி மிகுதியாய் விளைந்து, சாயத்திற்கு இடமின்றிப் படம் வெளிறும். சூடு குறைந்தால் படம் இருளும். கோடையில் குழாய்நீரே கொதிக்கும் நம் நாட்டில் கரைசலையும் கழுவும் நீரையும் ஒரே வெப்பநிலையில் காப்பது எளிய செயலன்று. உலர்த்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஈரமான சுருளை இழுத்து உலர்த்தினால் அது நீண்டுவிடும். நீண்ட சுருளிலிருந்து வரையும் நிலப்படத்தில் எல்லைக்கோடுகள் பிறழும். இதனால்தான் அளவைச் சுருள்களுக்குப் பாலியெஸ்டர் அடித்தளம் விரும்பப்பட்டது.

பிழையைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி வகுத்திருந்தனர். பறப்புக்குப்பின் சுருளின் நுனியில், வெண்மையிலிருந்து கருமைவரை படிப்படியாக மாறும் சாம்பல்நிறப் பட்டை ஒன்றை அளந்த ஒளியால் பதிப்பர். தோப்பின் படங்களோடு அதுவும் அதே கரைசலில் நனையும். கழுவியபின் அப்பட்டையின் ஒவ்வொரு படியையும் அடர்த்திமானியால் அளப்பர். பட்டை சாம்பல்நிறமாகவே இருந்தால் தோப்பின் நிறத்தை நம்பலாம். அதில் சியான் சாயல் ஏறியிருந்தால், நோய் மரத்தில் இல்லை, படத்தில்தான் உள்ளது.

அச்சிடும் கலை

நேர்ச்சுருளை அப்படியே ஒளிமேசைமேல் விரித்துப் பார்க்கலாம். ஆனால் களத்திற்குக் கொண்டுசெல்லத் தாள் அச்சு வேண்டும். மூலச்சுருள் ஒன்றே, அது கீறப்பட்டால் மீண்டும் வானூர்தியை அனுப்ப வேண்டும். நிலப்படப் பணிக்கு வண்ண எதிர்ச்சுருளையும் பயன்படுத்தினர். எதிர்ச்சுருளிலிருந்து தாளில் நேரடியாக அச்செடுக்கலாம். ஒளியூட்டலில் நேரும் சிறு பிழைகளையும் அது பொறுத்துக்கொள்ளும்.

படத்தின் அளவே பெரிதாதலால், சுருளையும் தாளையும் முகத்தோடு முகம் சேர்த்து அழுத்தி ஒளி பாய்ச்சும் தொடுமுறை அச்சே பெருவழக்கு. முதலில் சிறு துண்டுத்தாள்களில் மஞ்சள், மெஜந்தா, சியான் வடிகட்டிகளைக் கூட்டியும் குறைத்தும் பல முறை அச்சிட்டுப் பார்த்து, சாம்பல்பட்டை சாம்பலாகவே வரும் சேர்க்கையைத் தேர்ந்தெடுப்பர். தாள் ஈரமாயிருக்கும்போது ஒரு நிறமும் உலர்ந்தபின் வேறொரு நிறமும் காட்டும்; அதனால் உலரும்வரை காத்திருந்தே தீர்ப்பளித்தனர். அடுத்த பெட்டித் தாள் வந்தால் இத்தேர்வு மீண்டும் தொடக்கத்திலிருந்து நடக்கும்.

நிழல் விழுந்த மலைச்சரிவும் வெயில் படர்ந்த வயலும் ஒரே படத்தில் இருந்தால் என்செய்வது? ஒளிப்படக் கூடத்தில் கையை அசைத்து ஒரு பகுதிக்கு ஒளியை மறைப்பது பழைய உத்தி. வான்வழிப் படங்களுக்கு அதனை மின்னணுப் பொறி செய்தது. ஒரு சிறு ஒளிப்புள்ளி சுருளின்மேல் வரிவரியாக ஓடும். சுருள் அடர்ந்த இடத்தில் ஒளி மிகும், தெளிந்த இடத்தில் குறையும். அச்சு முழுவதும் சீராக வந்துவிடும். நிலப்படம் வரைவோர்க்கு இது பெரும்பேறு. நோய் தேடுவோர்க்கோ இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. தோப்பின் ஒரு பகுதி முழுவதும் நோயால் கறுத்திருந்தால், பொறி அதனையும் நிழலென்று கருதி வெளிச்சமாக்கிவிடும். அழகான அச்சு, அறியவேண்டிய செய்தியையே அழித்துவிடும். ஆகவே பயிர்நலத்தை ஆய்ந்தோர் தாள் அச்சைக் களத்துணையாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை மூலச்சுருளைக் கண்டே எடுக்க விரும்பினர்.

இத்துறையில் நம் நாடு முற்றிலும் பிறரை நம்பியிருக்கவில்லை. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளையும் எக்ஸ்-கதிர்ச் சுருளையும் ஒளிப்படத்தாளையும் வழங்கியது. டேராடூனில் 1966இல் நெதர்லாந்தின் துணையோடு இந்திய ஒளிப்பட விளக்க நிறுவனம் தோன்றி, வான்வழிப் படங்களைப் படித்தறியும் பயிற்சியை அளித்தது. எனினும் அகச்சிவப்பு வண்ணச்சுருள் கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தது.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

செம்மை குன்றிய மரம் நலம் குன்றியது என்பது உறுதி. ஆனால் நலம் ஏன் குன்றியது என்பதை நிறம் சொல்லாது. நீர்ப்பற்றாக்குறையும் மக்னீசியக் குறைபாடும்கூட ஓலையை மஞ்சளாக்கும். எனவே படத்தில் ஐயத்திற்கிடமான மரங்களைக் குறித்துக்கொண்டு, அச்சை ஏந்தித் தோப்பிற்குள் நடந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று பார்ப்பது தவிர்க்க முடியாதது. படம் அந்த நடையைச் சுருக்கிற்று, நீக்கவில்லை.

இந்நோய் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் உண்டாவது என்பதற்கான சான்று 1983இல்தான் கிடைத்தது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதனைப் பரப்புகின்றன. காயங்குளத்தின்மேல் வானூர்தி பறந்த காலத்தில் நோயின் காரணமே உறுதியாகவில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இன்று இலைத்திசுவை ஊனீர்ச் சோதனைக்கு உட்படுத்தி நோயை உறுதிசெய்கின்றனர். நோய் முற்றி, ஆண்டிற்குப் பத்துக் காய்களுக்கும் குறைவாகத் தரும் மரங்களை அகற்றுமாறு வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர்.

1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோள் படச்சுருளே இன்றி நாட்டைப் படம்பிடித்தது. பயிரைச் சிவப்பாகக் காட்டும் மரபை மட்டும் அது பழைய படச்சுருளிடமிருந்து பெற்றுக்கொண்டது. இன்றைய செயற்கைக்கோள் படங்களில் வயல்கள் சிவந்திருப்பது அதனால்தான். ஆயினும் அதன் கூரிய கண்ணுக்கும் தரையில் 36.25 மீட்டர் சதுரமே ஒரு புள்ளி. அச்சதுரத்திற்குள் இருபத்துமூன்று தென்னைகள் நிற்கும். ஒற்றை மரத்தின் நிறத்தைக் காண அப்போதும் வான்வழிப் படச்சுருளே தேவைப்பட்டது.

கோடாக் நிறுவனம் அகச்சிவப்பு வண்ணச்சுருளின் உற்பத்தியை 2009இல் நிறுத்தியது. எடுத்த படங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. சாயங்களும் முதுமை எய்துபவை. அக்காலச் சுருள்கள் பலவற்றில் இருளில் வைத்திருந்தாலும் சியான் சாயம் முந்தி மங்குகிறது. சியான் மங்கினால் சிவப்பு மேலோங்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நோயுற்றிருந்த தோப்பு, இன்று அதே சுருளில் முன்னைவிட நலமாகத் தோன்றும். எனவே பழைய சுருள்களைக் கணினியில் பதிவுசெய்வோர், படங்களுக்கு முன்னதாகச் சுருளின் நுனியிலுள்ள சாம்பல்பட்டையைப் பதிவுசெய்கின்றனர். அது இழந்த நிறத்தின் அளவை அறிந்து, அதே அளவைத் தோப்பின் படங்களுக்கும் திருப்பிச் சேர்க்கின்றனர்.